படைக்கூடம் பள்ளிக்கூடமான கதை

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராணுவக் கவாத்துக் கூடம் சர்ச்சாக மாறியது, பள்ளிக்கூடமாக மாறியது என்று கேட்டால் நமக்கு உடனே சந்தோஷம் வந்துவிடுகிறது. துப்பாக்கி போச்சு, புத்தகம் வந்துச்சுன்னு. எல்லா நேரமும் அப்படி இல்லை.

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரில், லீ தெருவில் ஒரு செங்கல் கட்டிடம். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கோட்டை மாதிரி கொத்தளம் வைத்தது. கறுப்பின மக்களின் தொண்டர் படைக்காக 1895இல் கட்டினது.

ரிச்மண்ட் எந்த ஊர்? அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைநகராக இருந்த ஊர். போர் முடிந்து முப்பதே வருஷம். கட்டிடத்தை வரைந்த நகரப் பொறியாளர் கட்ஷா, அந்தப் போரில் அடிமை முதலாளிகள் பக்கம் நின்று ஒரு காலை இழந்தவர். அவரையே கறுப்பர்களுக்குப் படைக்கூடம் வரைய வைத்ததில் ஜான் மிட்செலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1863இல் அடிமையாகப் பிறந்தவர், 'ரிச்மண்ட் பிளானட்' ஆசிரியர், நகரமன்ற உறுப்பினர். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

1898இல் ஸ்பெயினோடு போர் வந்தது. இந்தப் படை ஆறாவது வர்ஜீனியாப் படைப்பிரிவில் சேர்ந்தது. எங்களுக்கு எங்க அதிகாரிகள்தான் வேணும், இல்லாட்டி சண்டைக்கு வரமாட்டோம் என்பது மிட்செல் வைத்த கோரிக்கை. ஆனால் தலைமைக்கு ஒரு வெள்ளையரைப் போட்டார்கள். பிறகு ஒன்பது கறுப்பு அதிகாரிகளைத் 'தகுதி'த் தேர்வு எழுதச் சொன்னார்கள். தகுதி! இந்தச் சொல்லை நாம் எங்கேயோ கேட்டிருக்கோம் இல்லையா? அவர்கள் பதவி விலகினார்கள். அந்த இடங்களுக்கு வெள்ளையர்கள் வந்தபோது சிப்பாய்கள் கட்டளைக்கு அசையவில்லை. அதற்குப் பெயர் கலகம்.

அடுத்து ஜார்ஜியாவில் மேகான் நகரத்து முகாம். அங்கே கறுப்பர்களைத் தூக்கில் போட்ட மரம் ஒன்று நின்றது. கோடாலி எடுத்துப்போய் வெட்டிச் சாய்த்தார்கள். நாய்களுக்கும் கறுப்பர்களுக்கும் அனுமதி இல்லை என்று ஒரு பூங்காவில் இருந்த பலகையைப் பிய்த்தெறிந்தார்கள். அந்தப் பலகை என்னன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்பெயின்காரனைச் சுட வந்தவர்கள் சொந்த நாட்டிலே கைதானார்கள், துப்பாக்கி பறிக்கப்பட்டது. கியூபாவை எட்டிப் பார்க்காமலே 1899 ஜனவரியில் படைப்பிரிவு கலைக்கப்பட்டது.

அதே வருஷம்தான் லீ தெருக் கூடம் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமானது. பள்ளிக்கூடம் வேண்டாம்னு நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் வேணும், படைக்கூடமும் வேணும் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைக் கொடுத்தால் அது எப்படிக் கொடை ஆகும்?

இரண்டாம் உலகப் போரில் அதே கட்டிடம் கறுப்பினச் சிப்பாய்களின் பொழுதுபோக்குக் கூடமாக இருந்தது. போருக்கு ஆள் வேணுமே! பிறகு பாழடைந்து கிடந்தது. 2016 முதல் வர்ஜீனியாக் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. மேகான் மரத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் கேளுங்கள், தோழர்களே. எனக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கு.