மலையை நாமும் அளப்போம்
(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்டிச் சீமையில், லூல்கந்துர தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்று தொட்டு மலையின் ஏக்கர்க் கணக்கு காரியாலயத்தில்தான் இருக்கிறது. நமக்குத் தெரிந்தது கிலோக் கணக்கும் பேர்க் கணக்கும் மட்டுமே.

இப்போது மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறிக்கும் கொழுந்துக்குக் காசு தரும் முறையைக் கம்பனிகள் கொண்டுவருகின்றன. "உங்கள் பங்கு ஒரு ஏக்கர்" என்று சொன்னால், அது ஒரு ஏக்கர்தானா? உரத்துக்கும் மருந்துக்கும் ஏக்கர்க் கணக்கில் காசு கழித்தால், அந்தக் கணக்கு சரியா? இதைப் பார்க்கத்தான் கையடக்க ஜி.பி.எஸ். கருவி வாங்கலாமா என்று கேட்கிறோம். வாங்கலாம். ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

வெட்டவெளியில் சாதாரணக் கருவி 3 முதல் 5 மீற்றர் வரை பிசகும். மரத்தடியிலும் பள்ளத்திலும் இன்னும் கூடும். 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணியைச் சதுரமாக எடுத்தால், ஒரு பக்கம் 13 மீற்றர் சொச்சம்தான். ஒரு மூலை 4 மீற்றர் உள்ளே தள்ளி விழுந்தாலே ஒன்றரைப் பேர்ச்சஸ் போய்விடும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு! ஆகவே வீட்டுக் காணிக்கு அளவு நாடாதான் சரி. உறுதிக்குப் பதிவுபெற்ற நில அளவையாளரின் வரைபடமே வேண்டும். ஒரு ஏக்கர் மலையிலோ, அதே பிசகு 160 பேர்ச்சஸில் 7 பேர்ச்சஸ்தான். அங்கே கருவி நமக்குத் துணை.

வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செய்மதிகளோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செய்மதிகளையும் அது பிடிக்க வேண்டும். மலை பாதி வானத்தை மறைக்கும் இடத்தில் இது பெரிய உதவி. ஒரே மூலையில் பலமுறை எடுத்துச் சராசரி காட்ட வேண்டும். சுற்றி நடந்த பாதையைச் சேமித்து, பரப்பளவைச் சொல்ல வேண்டும். மழைக்குத் தாங்கி, ஈரக் கையாலும் அமுக்கக்கூடிய பொத்தான்களோடு, கடைப் பற்றரியில் ஓட வேண்டும்.

சந்தாக் காசைச் செலவழிக்குமுன் பிள்ளைகளின் போனையும் சோதித்துப் பாருங்கள். அதிலும் ஜி.பி.எஸ். உண்டு, சிக்னல் இல்லாத மலையிலும் அது வேலை செய்யும். பாடசாலை மைதானத்தை நாடாவால் அளந்து வைத்து, போனோடும் கருவியோடும் மூன்று வெவ்வேறு நாட்களில் சுற்றி நடந்து ஒப்பிடுங்கள். போனே போதுமென்றால் காசு மிச்சம்.

இன்னொன்று. கருவி காட்டுவது வரைபடப் பரப்பு. 30 பாகைச் சரிவில் அது ஒரு ஏக்கர் என்றால், நாம் புல் வெட்டி, கான் வெட்டும் தரை ஏறக்குறைய 1.15 ஏக்கர். பேச்சுவார்த்தை மேசையில் இதையும் சொல்ல வேண்டும்.

நாம் அளக்கும் கணக்கு நில அளவையாளரின் வரைபடத்துக்கு ஈடாகாது. ஆனால் "இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது, எங்கள் முன்னால் திரும்ப அளவுங்கள்" என்று கேட்க அது போதும். கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். ஒவ்வொரு கமிட்டியும் ஓர் இளைஞரையும் ஒரு யுவதியையும் இதற்குத் தெரிவு செய்யுங்கள். பழக்கிவிடுவது எங்கள் பொறுப்பு.