பழைய பட்டாளத்துப் பை இன்னும் தோளுக்கு ஆகுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியர் என்றதும் ஏதாவது எந்திரத்தைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது பையைப் பற்றி. அதற்குக் காரணம் நம் செயற்குழுதான். உறுப்பினர்கள் வீட்டில் கிடக்கும் பழைய என்.சி.சி., ராணுவப் பைகள், பெல்ட்டுகளையெல்லாம் சேகரித்து, கொல்லிமலை ஏறும் மாணவர்களுக்கும், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கொடுக்கும் முன் யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை என்றார்கள். வேலை என் தலையில் விழுந்தது. இதுவரை பதினான்கு உருப்படிகள் வந்திருக்கின்றன. ஸ்டோரில் ஒப்படைத்திருக்க வேண்டிய பெல்ட் எப்படி இத்தனை வருஷம் அண்ணன்மார் வீட்டு அலமாரியில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீங்க.

வந்ததில் பாதிக்கு மேல் காக்கி நிறத்துத் தடித்த பருத்தி நாடாவில் செய்தவை. 1963-ல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாகி 1968-ல் அது தளர்ந்ததே, அந்தக் காலத்து மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பித்தளை பக்கிளுக்கு பிராஸோ, நாடாவுக்கு பிளாங்கோ என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும் என்று என் பெரியப்பா சொல்லுவார்.

இந்தச் சாமானின் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா வரை போகிறது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் தோல் வார்கள் சரிப்பட்டு வரவில்லை. அதன் பிறகு 1908-ல் தோலை விட்டுவிட்டு, பருத்தி நாடாவில் பெல்ட், தோட்டாப் பை, முதுகுப் பை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மாட்டி, சட்டை மாதிரி ஒரே மூச்சில் போட்டுக் கழற்றுகிற செட்டைக் கொண்டுவந்தார்கள். 1937-ல் வந்த மாடல் அதன் வாரிசு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது இந்தியாவிலும் தயாரானது. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் ராணுவத்தில் பல ஆண்டுகள் புழங்கியது.

நான் ‘செட்’ என்ற சொல்லை வேண்டுமென்றே சொன்னேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நம் ஊர்ப்பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிறவர்களிடம் போய் கேட்டுப் பாருங்க. ஒரே பத்து டன்தான். ஆனால் அதைப் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தள்ளி ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும். எவ்வளவு லோடு என்பது ஒரு கேள்வி. எங்கே உட்காருகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நாமக்கல், திருச்செங்கோட்டில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். முதுகுக்கும் அதே கணக்குதான்.

எட்டு கிலோ பை, உடம்பின் நடுக்கோட்டிலிருந்து 20 செ.மீ. பின்னால் தொங்குகிறது என்று வையுங்கள். பெருக்கினால் 160. அது நம்மைப் பின்பக்கம் இழுக்கிறது. நாம் கூன் போட்டு முன்னால் சாய்ந்து சமாளிக்கிறோம். இப்போது முன்பக்கம் இரண்டு பையில் மொத்தம் நாலு கிலோ, 25 செ.மீ. தூரத்தில். அது 100. மீதி இழுப்பு 60தான். சுமை எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோ ஆகிவிட்டது, ஆனால் நிமிர்ந்து நடக்கலாம்! 1908-க்காரர்களும் 1937-க்காரர்களும் செய்தது இதைத்தான். நெஞ்சுக்குக் கீழே இருந்த தோட்டாப் பைகள், முதுகுப் பைக்கு எதிர் எடை.

இதை 1971-ல் தத்தா, ராமநாதன் என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தார்கள். தலையில், முதுகில், காவடி மாதிரி தோளில், கையில் என்று ஏழு விதமாக ஒரே சுமையைத் தூக்கச் சொல்லி, உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். முன்னும் பின்னும் பிரித்துக் கட்டியதுதான் எல்லாவற்றிலும் சிக்கனம். கையில் தூக்குவது மகா மோசம். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர் எவரும் மூட்டையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதில்லை. அவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படவில்லை.

சரி, இப்போது நாம் என்ன செய்கிறோம்? பழைய சாமான் கடைக்குப் போய் முதுகுப் பையை மட்டும் வாங்குகிறோம். முன் பையும் பெல்ட்டும் இல்லை. செட்டில் பாதியை விட்டுவிட்டு, ‘பட்டாளத்துப் பை, இரும்பு மாதிரி’ என்று பெருமை பேசுகிறோம். தோள் வலிக்கிறது. அது பையின் குற்றமல்ல.

வந்த சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிறிய முதுகுப் பை நாலு வந்தது. ஏறத்தாழ 11 அங்குலம், 9 அங்குலம், 4 அங்குலம். கணக்குப் போட்டால் ஆறரை லிட்டர் கொள்ளும். இன்றைக்கு நம் மாணவர்கள் மாட்டிக்கொண்டு வரும் பை 25 லிட்டருக்குக் குறையாது. கிண்டல் செய்யாதீங்க தம்பிகளா, சின்னதாக இருப்பதே இதன் நல்ல குணம். ஒரு டிபன் பாக்ஸ், துண்டு, மழைக்கு ஒரு ஷீட், மாத்திரை, அவ்வளவுதான் பிடிக்கும். மூன்று கிலோவைத் தாண்ட அதுவே விடாது. கொல்லிமலையில் ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி, திரும்ப ஏற வேண்டுமே, அதற்கு இது போதும். கொடுக்கலாம்.

பெரிய பை இரண்டு. இதில்தான் எனக்கும் மூத்தவர்களுக்கும் தகராறு. இதற்குள் சட்டம் கிடையாது, இடுப்பில் எடையை இறக்க வழி கிடையாது. பத்து கிலோ வைத்தால் பத்தும் தோளில்தான். வார் தோளில் அழுத்தி நரம்பை நசுக்கினால் கை மரத்துப்போகும். ராணுவ மருத்துவத்தில் இதற்குப் பெயரே உண்டு, ‘ரக்சாக் பால்சி’. “அந்தக் காலத்துல நாங்க தூக்கலையா?” என்று ஓர் அண்ணன் போனில் கேட்டார். தூக்கினீங்க அண்ணா, இல்லேன்னு சொல்லலை. ஆனால் சிப்பாயின் மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகிறார்கள் என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950-லேயே ஒரு புத்தகம் எழுத வேண்டியிருந்தது. பெரிய பையை நடைக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் முடிவு. ஹாஸ்டலில் துணி போட்டு வைக்கலாம். பஸ்ஸில் வைத்து எடுத்துப் போகலாம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் சீனியர் ஒருவர் அனுப்பியது தனி ரகம். 1970-களில் அந்த நாட்டு ராணுவம் கொண்டுவந்த ‘ஆலிஸ்’ என்கிற நைலான் பை. அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் இருக்கிறது. சட்டம் இருப்பதால் எடையில் ஒரு பங்கு இடுப்புக்கு இறங்குகிறது. முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று போகிறது. சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமா? ஆனால் பை பின்னால் தள்ளி நிற்பதால் இழுப்பும் கூடும், கனமான பொருளை மேலே, முதுகை ஒட்டி வைக்க வேண்டும். உள்பக்கப் பூச்சு உரிந்து பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. சட்டத்தில் விரிசல் இல்லை என்று பார்த்துவிட்டேன். பத்து கிலோ தூக்கியாக வேண்டுமென்றால், வந்ததில் இது ஒன்றுக்குத்தான் என் ஓட்டு. அவர்களே 1990-களின் கடைசியில் இதை விட்டு வேறு மாடலுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி பெல்ட்டும் முன் பையும். என்னைக் கேட்டால், வந்ததிலேயே நம் பக்கத்துக்கு அதிகம் உபயோகமானவை இவைதான். யாருக்கும் தோன்றியிருக்காது. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பழனிக்குக் காவடி போகிறார்களே, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. தோளில் காவடி இருக்கிறது. அந்தத் தோளிலேயே பை வாரும் கிடந்தால், காவடித் தண்டு வாரின் மேல் உட்கார்ந்து தோலை உரித்துவிடும். அவர்களுக்கு வேண்டியது தோளைத் தொடாத சுமை. அகலமான நாடா பெல்ட், இரண்டு பக்கமும் இரண்டு பை, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மருந்தும் காசும். போன வருஷம் என் சித்தப்பா மகன் இப்படித்தான் போய் வந்தான். இந்த வருஷம் அவன் கூட்டத்தில் ஆறு பேர் பெல்ட் கேட்டிருக்கிறார்கள்.

தோள் வார்களையும் தூக்கிப் போடாதீங்க. அதன் அமைப்பைப் பாருங்கள்: ஒரு அங்குல நாடா, தோளில் உட்காருகிற இடத்தில் மட்டும் இரண்டு அங்குலமாக விரிகிறது. நம் ஆத்தாக்கள் தலையில் வைத்த சும்மாட்டுக்கும் இதே வேலைதான், அழுத்தத்தைப் பரப்பிவிடுவது.

தண்ணீர் பாட்டில் மட்டும் வேண்டாம். எனாமல் பெயர்ந்த இடத்தில் உள்ளே துரு. கார்க்கும் மக்கிவிட்டது. காட்சிக்கு வைக்கலாம்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தி நனைந்தால் கனக்கும், ஆனால் பலம் குறையாது, கூடும். நெருப்புப் பொறி பட்டால் கருகும், நைலான் மாதிரி உருகி ஒட்டாது. பிய்ந்தால் பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைப்பவர் உட்கார்ந்த இடத்தில் தைத்துத் தருவார். அதன் எதிரி பூஞ்சைதான். ஈரத்தோடு மடித்து வைத்த பையில், துணி நன்றாக இருக்கும், தையல் நூல் மக்கியிருக்கும். ஆகவே வாங்குகிறவர்கள் துணியைப் பார்க்காதீர்கள். தையலை விரலால் நெம்பிப் பாருங்கள்.

இன்னொன்று. கடைகளில் ‘மிலிட்டரி’ என்று தொங்குகிற புள்ளி போட்ட பைகள் எல்லாம் ராணுவத்திலிருந்து வந்தவை அல்ல. நம் ராணுவம் 2022 ஜனவரியில் புதிய சீருடையை அறிமுகப்படுத்தி, அந்த டிசைனைத் தன் பெயரில் பதிவும் செய்திருக்கிறது. அதைப் போலச் செய்த பையை மாணவர்கள் வாங்க வேண்டாம். சிப்பாய் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு ராணுவ உடை போடுவது குற்றம். பையால் அந்த வம்பு வருமா என்று வக்கீல் அண்ணன்மார் சொல்லட்டும். பழைய காக்கி, ஆலிவ் பச்சை இருக்கும்போது அந்தச் சந்தேகமே எதற்கு?

கணக்கை முடித்துவிடுகிறேன். சின்னப் பை நாலும், ‘ஆலிஸ்’ ஒன்றும் மலையேற்றக் குழுவுக்கு. பெல்ட்டும் முன் பையும் பாதயாத்திரைக்காரர்களுக்கு, போதவில்லை. வீட்டில் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கொடுக்கும் முன் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, நிழலில் இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். பக்கிளில் களிம்பு இருந்தால் புளி போட்டுத் தேய்த்தால் போதும், பிராஸோ தேவையில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு சங்க அறையில் நான் இருப்பேன்.