மரக்கிண்ணத்தின் உள்வயிறு

கடைந்த மரக்கிண்ணம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் வெளிப்புற மினுமினுப்பில் மயங்கிவிடாதீர்கள். உள்ளே விரலை விடுங்கள். விளிம்பில் தொடங்கிச் சுவர் வழியாக அடியின் நடுப்புள்ளி வரை விரல் தடங்கலின்றி ஓடுகிறதா? சுவர் முடிந்து அடி தொடங்கும் வளைவில் மேடோ பள்ளமோ தட்டுகிறதா? கடைந்தவரின் கை எப்படிப்பட்டது என்பது அந்த வளைவில்தான் தெரியும். சோறும் சுண்டலும் படுகிற இடமும் அதுதானே.

நம் ஊர்க் கடைசல் வேலை பெரும்பாலும் வெளிப்புறத்தின் கலை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மரப்பொம்மை எல்லாம் வெளியே பார்த்து ரசிக்க வேண்டியவை. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களை, குழந்தைகள் விளையாடும் சின்ன மரப்பானை, மரச்சட்டிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி நிறமாக ஏறுகிறது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் இதே முறைதான். அங்கே அரக்குக்கு மெருகு ஏற்றுவது தாழை மடல். அருமையான வேலை, ஐயமில்லை. ஆனால் அந்தச் சின்னப் பானையில் யாரும் சாப்பிடப் போவதில்லை. சாப்பாட்டுப் பக்கம் நம்மிடம் இருந்தது மரவை என்னும் மரப்பாத்திரம். உப்பு பட்டால் உலோகம் அரித்துப்போகும் என்பதால் உப்பையும் புளியையும் அதில்தான் வைத்தார்கள். இன்று வீட்டில் சின்ன லேத் வைத்துக் கிண்ணம் கடைகிறவர் அந்த மரவையின் வழியில்தான் வருகிறார் என்பது என் எண்ணம்.

கட்டில் காலைவிடக் கிண்ணம் ஏன் கடினம்? கட்டில் காலில் மரத்தின் நார் லேத்தின் நீளவாக்கிலேயே போகும். கிண்ணத்துக்கு மரத்தைக் குறுக்காக மாட்டுகிறோம். ஒரு சுற்றுக்குள் உளி இரண்டு முறை நாரின் பக்கவாட்டையும் இரண்டு முறை நாரின் வெட்டுமுனையையும் சந்திக்கிறது. அந்த வெட்டுமுனையில்தான் நார் பிய்ந்து சொரசொரப்பு வரும். அதனால் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் சீவ வேண்டும். அப்படிச் சீவினால் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் தாங்கி நிற்கும். கிண்ணம் குடையும் நகவுளியைச் சாணைக்கல்லில் அடிக்கடி தீட்டிக்கொள்ளாதவர் உப்புத்தாளோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இனி மரம். தேனி மாவட்டத்தில் கெங்குவார்பட்டியிலிருந்து பெரியகுளம் வரை மலையடிவாரம் முழுக்க மாந்தோப்பு. காய்ப்பு ஓய்ந்த மரத்தை வெட்டினால் அது பெட்டிப் பலகையாகவோ விறகாகவோ போகிறது. எனக்கு அது மனம் பொறுக்காத விஷயம். நல்ல அகலம், மிதமான கடினம், இளம்பழுப்பில் கருங்கோடு ஓடும் அழகு என்று கிண்ணத்துக்கு வேண்டியதெல்லாம் மாமரத்தில் இருக்கிறது. ஒரு குறை உண்டு. வெட்டிப் போட்டால் சீக்கிரமே பூஞ்சை ஏறி நீலம் பாயும், வண்டும் துளைக்கும். அதனால் பச்சையாக இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

பச்சை மரத்தைக் கடையும்போது முகத்தில் தண்ணீர் தெறிக்கும். நீளமான சீவல் சுருள்சுருளாக வரும். பரம சுகமான வேலை. ஆனால் அதே மூச்சில் மெல்லிய கிண்ணமாக முடித்துவிட்டால், காய்ந்த பிறகு அது வட்டமாக இராது. ஆண்டு வளையத்தின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டம் முட்டை வடிவமாகிவிடும். நடுத்தண்டைச் சேர்த்துக் கடைந்திருந்தால் வெடித்தே போகும். ஆகவே இரண்டு முறை கடைய வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு முதலில் ஓர் அங்குலம் சுவர் விட்டுக் கடைந்து, வெட்டுமுனையில் மெழுகு பூசி, காகிதப் பையில் கட்டி, காற்று நேரே அடிக்காத மூலையில் வையுங்கள். அவ்வப்போது எடை போடுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். மாதக்கணக்கில் ஆகும். ஆடிக்காற்றில் திறந்து வைத்தால் வெடிப்பு நிச்சயம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மெதுவாகக் காயத் தொடங்குவதே நல்லது. இந்தக் காத்திருப்பைத் தாங்காதவர்கள் பலர் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

காய்ந்தபின் முழு வடிவத்துக்குக் கடைந்து, உப்புத்தாளில் 80, 120, 180, 240, 320 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். கடைசித் தாளுக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். படுத்திருந்த நார் எழும்பும். காய்ந்ததும் அதைத் தேய்த்துவிட்டால் பிறகு சாப்பாட்டு ஈரம் பட்டாலும் சொரசொரக்காது.

வார்னிஷ் பூசிய தட்டு எனக்குப் பிடிப்பதில்லை. புதிதில் கண்ணைப் பறிக்கும். கரண்டி கீறிய இடத்தில் தண்ணீர் இறங்கினால் படலம் உரியத் தொடங்கும். வீட்டில் அதைச் சரிசெய்யவும் வழியில்லை. எண்ணெய் அப்படி அல்ல. மங்கினால் வீட்டுக்காரரே மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மரத்தில் சரியாக இறுகாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். ஹார்டுவேர் கடையில் காய்ச்சிய எண்ணெய் என்று விற்பதில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்திருக்கலாம்; சாப்பிடும் பாத்திரத்துக்கு அது வேண்டாம். சுத்தமான எண்ணெயை மெல்லத் தடவி, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, நாள் இடைவெளி விட்டு நாலைந்து தடவை செய்யுங்கள். கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகு. ஓர் எச்சரிக்கை: துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். மரத்தூளும் லேசுப்பட்டதல்ல. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்று என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்கும் மறைப்பு வேண்டும்.

எல்லா மரமும் தட்டுக்கு ஆகாது. எட்டியும் அரளியும் நஞ்சு. வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறிவிடும். பூவரசு நல்லது. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவு மக்கள் தங்கள் உணவுக் கிண்ணங்களுக்குத் தேர்ந்த மரங்களில் இந்தப் பூவரசும் நம் புன்னையும் உண்டு. அவர்கள் கிண்ணம் வெடித்தால் தூக்கி எறிவதில்லை. வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டைப் பதித்து இணைப்பார்கள். அந்த ஒட்டு கிண்ணத்தின் மதிப்பைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தட்டில் கைவைக்காதீர்கள். அகலமான மெல்லிய பலகை காய்ந்த பிறகும் முறுக்கிக்கொள்ளும், உளியின் அடியில் அதிரவும் செய்யும். ஆறு அங்குல மாமரக் கிண்ணத்தில் தொடங்குங்கள். முடித்ததும் அதில் பொரியோ சுண்டலோ போட்டுச் சாப்பிடுங்கள். கழுவும்போது ஊறவைக்காமல், சட்டென்று அலசித் துடைத்து, வெயிலில் காட்டாமல் நிழலில் நிறுத்தி வையுங்கள்.