முதியவர்களின் தட்டில் என்ன இருக்கிறது?

(தோட்டத் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், அரைப்பேர், வீடு, காணி. நமது கூட்டங்களில் வழக்கமாகப் பேசுவது இவைதான். இன்று பெயர் வெட்டி வீட்டில் இருக்கும் நமது முதியவர்களின் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் தொழிற்சங்கத்தின் விஷயம்தான். முப்பது, நாற்பது வருஷம் கூடை சுமந்து மலை ஏறி இறங்கிய உடம்பு அது. பெயர் வெட்டிய பிறகு மாதச் சம்பளம் இல்லை. அரசாங்க உத்தியோகத்தருக்கு உள்ளதுபோல பென்ஷனும் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் மொத்தமாக வந்து, கல்யாணத்துக்கும் கடனுக்கும் போய்விடுகின்றன. அதன் பிறகு வீட்டில் அவர்களுடைய குரலும் குறைகிறது, சாப்பாடும் குறைகிறது.

உங்கள் வீட்டு அடுப்படியையே கவனித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு முதலில். மலைக்குப் போகிறவர்களுக்கு அடுத்தது. கொழும்பிலிருந்து லீவில் வந்த மகனுக்கு நல்ல துண்டு. பாட்டி கடைசியாக உட்காருவார். சட்டியில் மிஞ்சியிருப்பது குழம்புதான். "எனக்கு இது போதும்" என்பார். நாமும் நம்பிவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இன்று 60, 70 வயதில் இருக்கும் பலர் 1973, 74 பஞ்சத்தில் சிறுபிள்ளைகளாகவோ இளவயதினராகவோ இருந்தவர்கள். அரிசிக்கும் மாவுக்கும் தவித்த காலம் அது. 1974இல் தோட்டப்புறங்களில் மரணங்கள் கடுமையாக அதிகரித்தன. தான் சாப்பிடாமல் பிள்ளைக்குக் கொடுத்த தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். பஞ்சம் போய்விட்டது; அந்தப் பழக்கம் போகவில்லை. 2022இல் மா விலை ஏறியபோதும் எத்தனையோ வீடுகளில் பாட்டியின் ரொட்டிதான் முதலில் குறைந்தது.

"வயசு போனவங்களுக்குக் கொஞ்சம் சாப்பிட்டால் போதும்" என்று நாம் சொல்வதுண்டு. இதில் பாதிதான் சரி. உடல் வேலை குறைவதால் மாவும் சோறும் கொஞ்சம் குறையலாம். புரதம் குறையக்கூடாது. வயது ஏற ஏறத் தசை கரைந்துகொண்டே போகிறது. தசை கரைந்தால் படி ஏற ஏலாது, கால் தடுமாறும், விழுந்தால் எலும்பு முறியும், காய்ச்சல் வந்தால் எழும்ப நாளாகும். முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று சத்துணவு அறிஞர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். 150 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டிகளில் கிடைப்பது ஏறக்குறைய 15 கிராம்தான். ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும். தசையைக் காப்பாற்ற அவை போதாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. 30 கிராம் பருப்பில் 7 கிராம். பயறு, கௌபி, கடலையும் இதே கணக்குத்தான். நெத்தலியைத் தலையோடும் முள்ளோடும் சமைத்தால் எலும்புக்குத் தேவையான கல்சியமும் கிடைக்கும். கருவாட்டையும் நெத்தலியையும் சுடுதண்ணீரில் ஊற வைத்துக் கழுவுங்கள், உப்பு குறையும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம். ரொட்டி மாவிலும் சம்பலிலும் போடும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும். பிரஷர் உள்ளவர்கள் இதை மறக்கக்கூடாது.

பல் இல்லாதவருக்குக் காய்ந்த ரொட்டியைக் கொடுத்தால் அவர் அதைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுவார். குழைய வேகவைத்த பருப்பு, பயற்றங்கஞ்சி, குரக்கன் கூழ், மசித்த பூசணி, அவித்த முட்டை கொடுத்துப் பாருங்கள். ரொட்டிதான் வேண்டும் என்றால் மாவில் கொஞ்சம் குரக்கன் மாவும் பொடியாக நறுக்கிய கீரையும் சேர்த்து, மெதுவாகச் சுட்டு, பருப்பில் ஊற வைத்துக் கொடுங்கள்.

தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பறித்த கொழுந்துதான், குடிப்போம். ஆனால் சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு கொய்யாப்பழமோ தேசிக்காய்ச் சாறோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். ஐந்து கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் சீனி போட்டால் நாளைக்குப் பத்துக் கரண்டி. சீனி வருத்தம் உள்ளவர் நிலைமை என்னவாகும்? வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ஆகவே அவர்கள் கேட்காவிட்டாலும் இடைக்கிடை சுடுதண்ணீர் கொடுங்கள்.

இனி, தலைவர்களும் தலைவிமாரும் செய்ய வேண்டியவை.

முதலாவது, ஒவ்வொரு லயத்திலும் முதியவர்களின் எடையை மாதம் ஒரு முறை பாருங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் தராசு இருக்கும். 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் காரணமில்லாமல் இரண்டரைக் கிலோ குறைந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள். தராசு இல்லாவிட்டால் கையைப் பாருங்கள். வளையல் கழன்று விழுந்தால் அதுவே அறிகுறி.

இரண்டாவது, 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு உண்டு. அடையாள அட்டை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை என்று நமது ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, அவர்களோடு கூடவே போய்ப் பதியுங்கள்.

மூன்றாவது, லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தில் கீரையும் மேரக்காய்க் கொடியும் போடவும், இரண்டு கோழி வளர்க்கவும் இடம் கேட்போம். காணி உரிமையைப் பற்றிப் பேசும்போது பாட்டியின் தட்டில் விழும் முட்டையையும் நாம் சேர்த்துத்தான் பேசுகிறோம்.

கடைசியாக ஒன்று. இன்று இரவு சமைத்ததும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன், முதியவரின் பங்கை எடுத்துத் தனியாக மூடி வையுங்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கும்படி வையுங்கள். நாளைக்கு நமக்கும் அவர்கள் எடுத்து வைப்பார்கள்.