மூன்றாம் வரிசை ஜன்னலோரம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நீரிழிவைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தேநீரும் கேக்கும் காத்திருக்கையில் அது வேண்டாம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். 1993, எட்டாம் ஆண்டு. பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணக்கில் எங்கள் எல்லோருக்கும் மேல். தீபாவளி லீவு முடிந்து அவள் வரவில்லை. கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். இடாப்பில் பெயர் வெட்டப்பட்டது. மூன்றாம் வரிசையில், ஜன்னலோரத்தில் அவள் இருந்த இடத்துக்கு நாங்கள் சண்டை பிடித்தோம்.

அடுத்த தீபாவளிக்குப் பதுளை பஸ் நிலையத்தில் கண்டோம். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முன்கையில் ஆறிய தழும்பு. "அயன் பொட்டி பட்டிருச்சி" என்றாள். நாங்கள் அவளுடைய புதுத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சூடு தற்செயலாகப் பட்டால் கை தானாகவே விலகும். தழும்பு ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் இழுபட்டும் இருக்கும். அவளுடைய கையில் பெட்டியின் நுனி ஓரம் பிசகாமல் பதிந்திருந்தது. இதை நாங்கள் படித்தது மருத்துவ பீடத்தில், பல வருடங்கள் கழித்து.

அன்று அவளைத் தடுக்கச் சட்டமே இருக்கவில்லையா? அரைகுறையாக இருந்தது. பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்ப 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் இடம் வைத்திருந்தது. அதற்கான விதிகளை எவரும் ஆக்கவில்லை. அரைநூற்றாண்டுக்கு மேலாக அது அப்படியே கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் சட்டப் பேராசிரியை சாவித்திரி குணசேகர. நாட்டின் சிறுவர் வேலை பற்றிய அவருடைய ஆய்வை 1993இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்டது. எங்கள் தோழி போன அதே வருடம்! பிள்ளை பள்ளியில் இருப்பதைச் சட்டம் உறுதிசெய்யாதவரை வேலைக்கு அனுப்புவதைத் தடுக்க முடியாது என்பது அவருடைய வாதம். பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். நீதிமன்றத்தில் வாதாடிப் பெயர் எடுத்தவரைத்தான் நாம் சட்டத்தரணி என்று கொண்டாடுகிறோம். வழக்கே வராதபடி முன்கூட்டி வேலை செய்தவர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை.

1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, தம் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தனிக்குற்றமாயிற்று. கட்டாயக் கல்வி விதிகள் 1998இல் 5 முதல் 14 வயதுவரைக்கு நடைமுறைக்கு வந்தன. 2016இல் அது 16 ஆயிற்று. எல்லாமே எங்கள் தோழிக்குப் பிந்தி வந்தவை.

ஆனாலும் 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் இறந்தாள். சட்டம் இருந்தும் தோட்டத்துக்குத் தரகர் வருகிறார். முற்பணம் கொடுக்கிறார். பிள்ளை பஸ் ஏறுகிறாள். அவள் வரவில்லை என்பது முதலில் தெரிவது வகுப்பாசிரியைக்குத்தான்.

தலைவி அக்கா கோபிக்கக்கூடாது. நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டத் தீர்மானித்திருக்கிறோம். அது கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். மிச்சத்தில், தூரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பஸ் சீசன் எடுத்துக் கொடுப்போம். ஒரு வாரம் வராத பிள்ளையின் லயத்துக்கு எங்களில் இருவர் டீச்சரோடு போய்ப் பார்ப்போம். விஷயம் பாரதூரமாக இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, தமிழிலேயே பேசலாம். எங்கள் வகுப்பில் ஆறு பேர் பெயர் கொடுத்துவிட்டோம். பட்டியல் தேநீர் மேசையில், கேக் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனையும் வைத்திருக்கிறோம்.