ஸ்டென்ட் வைத்துக்கொண்டோர் மாத்திரையை நிறுத்தலாமோ?
(திருவண்ணாமலையில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருதயத்துக்கு இரத்தமூட்டும் நாளம் அடைபட்டால், ஸ்டென்ட் என்னும் உலோகவலைக் குழாயை உள்ளே வைத்து வழி திறக்கிறார்கள். 1986-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரில் முதன்முதல் மனிதருக்கு இது வைக்கப்பட்டது. வழி திறந்ததும் நோய் தீர்ந்ததென்று எண்ணுவது பெரும்பிழை. பலூன் விரிகையில் நாளத்தின் உட்சுவர் காயப்பட்டு அழற்சி உண்டாகின்றது. அழற்சி கண்டவிடத்தில் இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டித் திரளும். ஸ்டென்டில் பூசிய மருந்து, சதை வளர்ந்து மீண்டும் அடைக்காமல் காக்கும். ஆயினும் கம்பியின்மேல் உட்தோல் மூடுவதையும் அதுவே தாமதப்படுத்தும். மூடாத கம்பியில் இரத்தம் உறைந்தால் திடீரென மாரடைப்பு நேரும். ஆதலாற்றான் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் போன்ற இரண்டாம் மாத்திரையையும், பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் வரை தருகிறார்கள்.

நம்மவர் செய்வதென்ன? கார்த்திகைத் தீபத்துக்கு விரதமென்று இரண்டு நாள் விடுவர், பல் பிடுங்கவேண்டித் தாமே நிறுத்துவர், "14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தேனே, இனி மாத்திரை எதற்கு?" என்பாரும் உளர். மாத்திரைக்கு ஒரு வாய் நீர் பருகலாகாதென்று அண்ணாமலையார் விதித்ததாக யான் கேட்டதில்லை!

இன்னொன்று. அழற்சியை அடக்கும் கோல்கிசின் என்னும் மருந்தைச் சில இருதய நோயாளருக்குக் கொடுக்க அமெரிக்காவில் 2023-இல் அனுமதியளித்தனர். அச்சத்து நமது செங்காந்தளிலும் உண்டு. அதைக் கேட்டு ஒருவரும் அக்கிழங்கை வாயிலிடவேண்டா. அது கொல்லும் நஞ்சு.

பல் வைத்தியரிடம் போகுமுன் ஸ்டென்ட் வைத்த வைத்தியரைக் கேளுங்கள். மார்பில் இறுக்கமும் வியர்வையும் கண்டால், விடியட்டுமென்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.