தனிக்குடித்தனமும் மறைசெலவும்



மணமாகிக் கொழும்பிலே தனிக்குடித்தனம் புகுவோர் வாடகையை மாத்திரமே கணக்கிடுகின்றனர். வீட்டுக்காரரோ பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்கின்றார். பின்னர் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், திருவலை, இடியப்ப உரல், தும்புத்தடி என ஒவ்வொன்றாகச் செலவு வருகின்றது. தாய்வீட்டில் இவற்றின் விலையை நாம் அறிந்ததுண்டா? ஈற்றில் எவருமறியாமல் மனைவியின் காப்பு அடகுக்கடைக்குப் போகின்றது. அச்செலவு எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டத்தை இருவருக்கும் பொதுவாக்கியது. தேட்டம் பொதுவாயின் செலவுக் கணக்கும் பொதுவன்றோ?

இளைஞர்களே, மணத்துக்கு முன்பே இருவரும் கூடியிருந்து ஒரு கொப்பியில் கணக்கெழுதுங்கள். பெரியோர்களே, பந்தற் செலவைக் குறைத்து அவர்களின் அடுப்புக்குக் கொடுங்கள். அதுவே நல்லாசி.